வீட்டுப் பணியாளரும் நாட்டுச் சட்டமும்

ஒரு வர்த்தகரிடத்தில் இருவர் வேலை செய்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அவருடைய புடவைக் கடையில் கணக்கெழுதுபவர். மற்றவர் அவருடைய இல்லத்தில் சமையல் செய்பவர். கணக்கெழுதுபவருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைநேரம் வரையறுக்கப்பட்டிருக்கின்றது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு உண்டு. ஆண்டு லீவும் உண்டு. அவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்பட, முதலாளி தம் பங்காக 12 வீதம் சேர்க்க, அத்தொகை ஊழியர் சேமலாப நிதியில் அவர் பெயரில் வளர்கின்றது. சமையல் செய்பவரோ, கணக்கெழுதுபவர் கண்விழிக்கும் முன்னரே எழுந்து அடுப்பு மூட்டுகின்றார். அவர் உறங்கச் சென்ற பின்னரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கின்றார். அவருக்கு வேலைநேரம் என்று ஒன்று இல்லை. சேமலாப நிதியில் கணக்கும் இல்லை. இருவருக்கும் சம்பளம் கொடுக்கும் கை ஒன்றே. அவ்வாறாயின் இருவரையும் பிரித்து வைப்பது யாது? வேலையின் கடுமையா? திறமையின் அளவா? இவற்றுள் ஒன்றும் அன்று. ஒருவர் கடை வாசலைக் கடந்து வேலைக்குப் போகின்றார். மற்றவர் வீட்டு வாசலைக் கடந்து வேலைக்குப் போகின்றார். வேற்றுமை அவ்வளவே.

நேயர்களே, இலங்கையின் தொழிற் சட்டங்கள் பல நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிடுமிடத்துக் குறைந்தவை அல்ல. பல போராட்டங்களின் பயனாகக் கிடைத்த அச்சட்டங்கள் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் கடைக்கும் காரியாலயத்துக்கும் சென்றிருக்கின்றன. ஆனால் வீட்டு வாசற்படியை அடைந்தவுடன் அவை தயங்கி நின்றுவிடுகின்றன. ஏன் நின்றன, நின்றமையால் விளைந்தது என்ன, அவற்றை உள்ளே அழைப்பதற்கு நாம் செய்யக்கூடியது யாது என்பவற்றையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். வீட்டிலே ஊழியஞ் செய்பவரைச் சட்டம் ஒரு காலத்திலும் கண்டுகொள்ளவில்லை என்று கூறுதல் பொருந்தாது. கண்டது, ஆனால் எவ்வாறு கண்டது என்பதே கேள்வி. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டித் தேசவழமைச் சட்டம் எழுதப்பட்டபோது, அதில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே இடம்பெற்றது. காணியையும் சீதனத்தையும் போல, வீட்டில் உழைத்த மனிதரும் உடைமையாகக் கருதப்பட்டனர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது. அன்று முதல், பிறர் வீட்டில் உழைப்பவர் சட்டத்தின் முன்னிலையில் சுதந்திர மனிதரானார்.

ஆயினும் எஜமானர் மனம் அத்துணை விரைவில் மாறிவிடவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையாளுக்கும் எஜமானருக்கும் இடையிலுள்ள ஒப்பந்தத்தைப் பற்றியது. அனுமதியின்றி வேலையை விட்டுப் போனவரையும், பணியில் அசட்டையாக இருந்தவரையும் குற்றவாளிகளாகத் தண்டிக்க அது இடமளித்தது. பிறிதோர் ஒப்பந்தத்தை மீறியவர் நட்டஈடு கொடுப்பார். வேலையாள் மீறினால் சிறைக்குப் போகலாம் என்பது அக்காலத்து நியாயமாக இருந்தது. 1871ஆம் ஆண்டில் வீட்டு வேலையாளரைப் பதிவுசெய்யும் 28ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. சமையற்காரர், பெண் வேலையாட்கள், வண்டியோட்டிகள், குதிரை பராமரிப்போர், வீட்டிலும் தோட்டத்திலும் கூலிவேலை செய்வோர் ஆகிய மாதச் சம்பளக்காரரெல்லாம் அதற்குள் அடங்கினர். அவர்கள் பெயர் பதியப்பட வேண்டும். கையிலே ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். எங்கே வேலை செய்தார், எப்படி நடந்துகொண்டார் என்ற விபரம் அதிலே ஏற வேண்டும். இவையெல்லாம் யாரைக் காப்பதற்கு? வெள்ளித் தட்டுக் காணாமற் போய்விடுமோ என்று அஞ்சிய எஜமானரைக் காப்பதற்கே. சம்பளம் எவ்வளவு, ஓய்வு எப்பொழுது என்பன அச்சட்டத்தின் கவலைகளல்ல.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது; தொழிற்சங்கங்கள் தோன்றின; சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. உழைப்பவரைப் பாதுகாக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் உடைமையாகவும், பின்னர் சந்தேகத்துக்குரியவராகவும் சட்டத்தின் கண்ணிற்பட்ட வீட்டு வேலையாள், உரிமை வழங்கும் காலம் வந்தபோது அதன் கண்ணிற் படாமலே போய்விட்டார்.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்தோறும் ஒரு சபையை நிறுவி, அத்தொழிலுக்குரிய ஆகக்குறைந்த சம்பளத்தை விதிக்க வழிசெய்தது. தேயிலைக்குச் சபை உண்டு, இறப்பருக்கு உண்டு, அச்சுத் தொழிலுக்கும் உண்டு. வீட்டு வேலைக்கென ஒரு சபை நிறுவப்படவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் கடை, காரியாலய ஊழியருக்கு வேலைநேரத்தையும் லீவையும் உறுதிசெய்தது. வீடு கடையுமன்று, காரியாலயமுமன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி உண்டாயிற்று; அதன் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் வீட்டு வேலையை விலக்கிவைத்தன. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடத்துக்குக் குறையாமல் உழைத்தவருக்கு, உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்றது; அதுவும் தனிப்பட்ட இல்லங்களின் வேலையாளரையும் சாரதிகளையும் பெயர் கூறியே விலக்கியது. 2016ஆம் ஆண்டில் வந்த தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் நாட்டிலுள்ள எல்லாத் தொழிலாளருக்கும் மாதம் ஒன்றுக்கு 10,000 ரூபா என்ற அடித்தளத்தை முதன்முதலாக இட்டது. அந்தத் தளமும் வீட்டு வேலையாளரின் காலடியை எட்டவில்லை. அவரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திக்கொண்டுதான் அச்சட்டம் பிறந்தது.

ஐந்து சட்டங்கள், எழுபத்தைந்து ஆண்டுகள். வெவ்வேறு அரசாங்கங்கள் ஆக்கியவை. வெவ்வேறு கட்சியினர் வாக்களித்தவை. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே துவாரம் காணப்படுமாயின், அதைத் தற்செயல் என்று கொள்ளலாமா? அதன் பின்னால் நம் எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணம் இருத்தல் வேண்டும்.

அந்த எண்ணத்தை நாம் அன்றாடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். "அவள் எங்கள் வீட்டுப் பிள்ளைபோல" என்கின்றோம். இது நல்ல மனத்திலிருந்து பிறக்கும் சொல் என்பதை நான் மறுக்கவில்லை. வேலைக்கு வந்தவரின் மகளுக்குக் கலியாணஞ் செய்துவைத்த வீடுகள் உண்டு. நோயுற்ற முதியவளை இறுதிவரை வைத்துப் பராமரித்த வீடுகளும் உண்டு. ஆனால் அச்சொல்லின் விளைவைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? பிள்ளை தாய்க்கு உதவிய நேரத்தை யாராவது கணக்கிடுவார்களா? பிள்ளை என்று அழைத்த மாத்திரத்தே, கேட்க வேண்டிய கேள்விகளெல்லாம் கேட்கத்தகாத கேள்விகளாகிவிடுகின்றன. சம்பள உயர்வு கேட்பது நன்றிகெட்ட செயலாகத் தோன்றுகின்றது. ஓய்வு கேட்பது சோம்பலாகத் தோன்றுகின்றது.

பிள்ளைதானா என்று அறிவதற்கு எளிய சோதனைகள் உண்டு. வீட்டார் உண்ணும் மேசையில் அவர் உடனிருந்து உண்கின்றாரா? காய்ச்சல் கண்டால் வேலையிலிருந்து விடுபட்டுப் படுக்கின்றாரா? சுவரிலே தொங்கும் குடும்பப் படத்தில் நிற்கின்றாரா? முதுமையில் காணி பிரிக்கும்போது அவர் பெயர் உறுதியில் எழுதப்படுகின்றதா? இவற்றுக்கு விடை இல்லை என்பதாயின், அவர் பிள்ளையுமாகவில்லை, தொழிலாளியுமாகவில்லை. பிள்ளைக்குரிய பங்கும் கிடைக்காமல், தொழிலாளிக்குரிய கூலியும் உறுதியாகாமல் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றார். நம் அன்பை யாரும் குறைகூற வேண்டியதில்லை. அன்பு கூலியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கின்றது.

பாரதியார் பாடிய கண்ணன் பாட்டிலே "கண்ணன் என் சேவகன்" என்னும் பகுதியை நேயர்களிற் பலர் பாடசாலையிலே படித்திருப்பீர்கள். சேவகர்களால் அல்லற்பட்ட ஒருவரிடம் கண்ணன் வேலைகேட்டு வருகின்றான்; எல்லா வேலையும் செய்கின்றான்; கூலியைப் பெரிதாகக் கருதாது அன்பையே பெரிதாகக் கொள்கின்றான். பக்திச் சுவை நிறைந்த பாட்டு அது. ஆயினும் அதில் நாம் பெறக்கூடிய உலகியற் பாடம் ஒன்றும் உண்டு. கூலியை வேண்டாமல் உழைக்கக்கூடியவன் கண்ணன் ஒருவனே. அவனுக்கு வீட்டுவாடகை இல்லை; பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்க வேண்டியதில்லை; முதுமையும் இல்லை. நம் வீடுகளில் வேலை செய்ய வருபவர்களுக்கு இவையெல்லாம் உண்டு.

வீட்டு வேலை ஏனைய வேலைகளினின்றும் எவ்வகையில் வேறுபடுகின்றது என்பதையும் விளங்கிக்கொள்ளுதல் நன்று. தொழிற்சாலையில் சங்கு ஊதினால் வேலை முடியும். தங்கி வேலை செய்பவருக்குச் சங்கு ஊதுவதில்லை. அவர் உறங்கும் இடமே வேலை செய்யும் இடமுமாகும். நள்ளிரவில் குழந்தை அழுதாலும், பின்னிரவில் விருந்தினர் வந்தாலும் கூப்பிடு தூரத்தில் அவர் இருக்கின்றார். அவ்வாறு காத்திருக்கும் நேரம் வேலையா, ஓய்வா? தொழிற்சாலையில் நூறுபேர் ஒருங்கே நிற்பதால் ஒருவர் குறையை மற்றவர் அறிவார். இங்கே ஒரு கூரைக்குக் கீழ் ஒருவரே தொழிலாளி. பரிசோதகர் தொழிற்சாலையில் நுழையலாம். வீட்டிலே அவ்வளவு எளிதில் நுழைய முடியாது. வேலை போனால் அன்றிரவு படுக்க இடமும் போகின்றது. ஆகவே, வேறெந்தத் தொழிலாளியிலும் பார்க்க இவருக்கே சட்டத்தின் துணை அதிகம் தேவை. கிடைத்திருப்பதோ மிகக் குறைவு.

இவ்வேறுபாடுகளைக் கருத்திற்கொண்டே, சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2011ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி ஜெனீவா நகரில் 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. உலகில் ஏழரைக் கோடிக்கு மேற்பட்டோர் வீட்டுப் பணியாளராக உழைக்கின்றனர் என்பதும், அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதும் அந்த ஸ்தாபனத்தின் மதிப்பீடு. அச்சமவாயம் கூறுவன பெரும்பாலும் மிக எளிய விடயங்களே. வேலையின் நிபந்தனைகளைப் பணியாளருக்கு விளங்கும் வகையில் அறிவித்தல் வேண்டும். இயன்றவிடத்து எழுத்திலே தருதல் வேண்டும். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணித்தியாலமாவது ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு நாளில் வீட்டைவிட்டு வெளியே போகும் சுதந்திரமும் வேண்டும். கூப்பிட்டால் வரவேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தை, நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலைநேரமாகக் கொள்ளுதல் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது சம்பளம் காசாகக் கையிற் கிடைத்தல் வேண்டும். தங்கி வேலை செய்பவருக்கு மறைவான, மானமான இருப்பிடம் வேண்டும். அடையாளப் பத்திரங்களும் கடவுச்சீட்டும் அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். இவற்றுள் எது மிகையான கோரிக்கை? கடைச் சிப்பந்தி நீண்டகாலமாக அனுபவித்து வருபவற்றைத்தான் அச்சமவாயம் வீட்டுக்குள்ளே கொண்டுவர முயல்கின்றது.

இனி, ஒரு பாடசாலை அதிபர் என்ற வகையில் என் மனத்தை அதிகம் வருத்துகின்ற விடயத்துக்கு வருகின்றேன். அதுவே சிறுவரின் நிலை. வகுப்பு இடாப்பிலே ஒரு பிள்ளையின் பெயருக்கெதிரே வரவுக்குறி நாள்தோறும் குறைந்து, ஒரு தவணையின் பின் அப்பெயர் வெட்டப்படுவதை ஆசிரியர் யாவரும் அறிவர். விசாரித்தால், மாமி வீட்டுக்குப் போய்விட்டாள் என்பர். கொழும்பிலே தெரிந்தவர் வீட்டில் நின்று படிக்கின்றாள் என்பர். படிக்கவைப்பதாகக் கூறி அழைத்துச் செல்லப்படும் பிள்ளை குசினியிலும் முற்றத்திலும் தன் படிப்பை முடித்துக்கொள்வது புதிய கதையன்று. தகப்பனின் கையிலோ தரகரின் கையிலோ முற்பணம் கொடுக்கப்பட்டுவிடும். தான் உழைத்த காசைப் பிள்ளை காண்பதும் அரிது.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் உயிர்நீத்தாள். அச்செய்தி நாட்டையே உலுக்கியது. மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் தலைநகரிலும் மக்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டனர். அதே ஆண்டில் சட்டத்திலும் இரு மாற்றங்கள் நேர்ந்தன. வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. இளம்வயதினரை ஈடுபடுத்தலாகாத ஆபத்தான தொழில்களின் பட்டியல் விரிவாக்கப்பட்டபோது, வீட்டு வேலையும் அதனுள் சேர்க்கப்பட்டது. ஆகவே, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரை வீட்டு வேலைக்கு வைத்திருத்தல் சட்டத்துக்கு மாறானது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும். பெற்றோர் சம்மதித்தனர் என்பதோ, பிள்ளையே விரும்பி வந்தது என்பதோ அதற்கு மறுமொழியாகாது. இத்தகைய பிள்ளை ஒன்றை அயலிலே காண்போர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். அயலவரைக் காட்டிக்கொடுப்பதா என்று சிலர் தயங்கக்கூடும். வாய்திறந்து சொல்ல முடியாத ஒரு பிள்ளைக்காகப் பேசுவது காட்டிக்கொடுத்தல் ஆகாது.

பிள்ளைகளிடமிருந்து தாய்மாரை நோக்கி நம் பார்வையைத் திருப்புவோம். சென்ற நூற்றாண்டின் எழுபதுகளின் இறுதி தொட்டு, இந்நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்காகச் சென்று வந்திருக்கின்றனர். அவர்கள் அனுப்பிய காசு நம் கிராமங்களில் கல்வீடாகவும் கிணறாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியது. அங்கே ஒரு பெண் துன்புறுத்தப்பட்டாள் என்ற செய்தி வரும்போதெல்லாம் நாம் கொதித்தெழுகின்றோம். அது முற்றிலும் நியாயமே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குவைத் நாடு 2015ஆம் ஆண்டில் வீட்டுப் பணியாளருக்கென 68ஆம் இலக்கச் சட்டம் ஒன்றை ஆக்கியது. நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வாரந்தோறும் ஒருநாள் ஓய்வு, ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பள லீவு, பணி முடிவில் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமாகக் கொடுபணம் என்று அதிலே எழுதிவைத்தது. எழுதியன யாவும் அங்கே நடைபெறுகின்றன என்று நான் சொல்லவரவில்லை. எழுத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் அங்கும் பெரிது. எசமானின் பொறுப்பிலே பணியாளரின் வதிவுரிமையைப் பிணைத்துவைக்கும் முறையினால் விளைந்த கேடுகளும் பல. எனினும் அச்சட்டம் வந்த பொழுதில், ஓர் இலங்கைப் பெண் குவைத்திலுள்ள வீட்டிலே வேலை செய்தால் ஏட்டிலாவது பெறக்கூடியதாயிருந்த உரிமை, அதே பெண் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வீட்டிலே வேலை செய்தபோது ஏட்டிலும் கிடைக்கவில்லை. அந்நிய எசமானிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் வீட்டு வாசலிலும் கேட்கத்தானே வேண்டும்?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் புறக்கணித்தல் கூடாது. வீடு என்பது அந்தரங்கமான இடம். அங்கே அரசாங்கப் பரிசோதகர் நுழைவதா என்று கேட்பர். அந்தரங்கத்தை மதித்தே பரிசோதனை நடைபெற வேண்டும் என்று மேற்கூறிய சமவாயமே கூறுகின்றது. ஒப்பந்தமும் சம்பளப் பற்றுச்சீட்டும் காரியாலயத்திலே பார்க்கக்கூடியவை. அவற்றைப் பார்ப்பதற்கு எவரும் படுக்கையறைக்குள் வரவேண்டியதில்லை. இன்னுஞ் சிலர், நாமே மாதச் சம்பளக்காரர், எம்மால் இவ்வளவும் கொடுக்க இயலுமா என்பர். இது மெய்யான கவலையே. கணவனும் மனைவியும் உத்தியோகத்துக்குப் போகும் வீடுகளில் உதவியாளர் இன்றியமையாதவர். ஆனால் அவ்வீட்டில் இரண்டு சம்பளம் வருவதே, மூன்றாவது ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்வதனாலன்றோ? நம்முடைய ஓய்வூதியத்துக்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணமாயிருக்க, அவருடைய முதுமைக்கு நாம் ஒன்றும் சேர்த்துவைக்காதிருத்தல் நியாயமாகுமா?

செல்வ நாடுகளுக்கே இது பொருந்தும் என்பாரும் உளர். நம்மைப் போலவே தம் பெண்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவரும் பிலிப்பைன்ஸ் நாடு, 2013ஆம் ஆண்டு ஜனவரியில் வீட்டுப் பணியாளர் சட்டத்தை ஆக்கிற்று. எழுத்து ஒப்பந்தம், நாள்தோறும் 8 மணித்தியால ஓய்வு, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, சமூகக் காப்புறுதி என்பன அங்கே சட்டமாயின. தென்னாபிரிக்காவிலே நடந்தது இன்னும் கருதத்தக்கது. அங்கே ஒரே வீட்டில் 22 ஆண்டுகள் உழைத்த பெண்ணொருவர், 2012ஆம் ஆண்டில், வேலை செய்துகொண்டிருக்கையில் அவ்வீட்டு நீச்சற் குளத்தில் மூழ்கி இறந்தார். தொழில் விபத்துக்கு நட்டஈடு வழங்கும் அந்நாட்டுச் சட்டம், தனிப்பட்ட இல்லங்களின் பணியாளரை விலக்கியிருந்தது. இறந்தவரின் மகள் நீதி கேட்டு வழக்காடினார். 2020ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், அவ்விலக்கு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. நம்முடைய பணிக்கொடைச் சட்டத்திலே காணப்படுவது போன்ற ஒரு விலக்குத்தான் அங்கே செல்லாதாயிற்று.

சரி, சட்டம் திருந்தும்வரை நம் நாட்டு வீட்டுப் பணியாளருக்கு யாதொரு பாதுகாப்பும் இல்லையா? உண்டு, அதை அவரும் நாமும் அறிந்திருத்தல் நலம். அடிப்பதும் அடைத்துவைப்பதும் எவர் வீட்டில் நடந்தாலும் குற்றமே; தண்டனைச் சட்டக் கோவை வாசற்படியைப் பார்ப்பதில்லை. 2006ஆம் ஆண்டில் அக்கோவைக்குச் செய்யப்பட்ட திருத்தம், கட்டாய உழைப்பையும் கடனுக்காக ஒருவரைப் பிணைத்து வேலை வாங்குவதையும் குற்றமாக்கியது. பேசிய சம்பளத்தைக் கொடுக்க மறுத்தால் அது ஒப்பந்த மீறல். குடியியல் நீதிமன்றத்தை நாடலாம். சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு. 2012ஆம் ஆண்டில் வீட்டுப் பணியாளருக்கென ஒரு தொழிற்சங்கம் இந்நாட்டிலே தோற்றம் பெற்றது. தனித்தனிக் கூரைகளின் கீழ் தனித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அது வழிதிறந்தது.

சட்டம் வரட்டும் என்று காத்திராமல், வேலைகொள்வோராகிய நாம் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு தாளை எடுத்து, பணியாளருக்கு விளங்கும் தமிழில், அவருடன் கலந்து பேசி, நிபந்தனைகளை எழுதுங்கள். வேலை இன்னது, தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இன்னவை, மாதச் சம்பளம் இவ்வளவு, கொடுக்கும் திகதி இது, வாரத்தில் ஓய்வு இந்நாள், பெருநாளுக்கும் நோய்க்கும் லீவு இத்தனை நாள், வேலையை நிறுத்துவதாயின் இரு பக்கத்தாரும் இத்தனை நாள் முன்னறிவிக்க வேண்டும் என்று குறியுங்கள். உணவையும் உறைவிடத்தையும் காட்டிச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவராயின், அவர் நம்பும் ஒருவரைக் கொண்டு வாசித்துக்காட்டச் செய்யுங்கள். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறக்க உதவி, மாதந்தோறும் சிறுதொகை ஒன்றையேனும் அதில் சேருங்கள். அடையாள அட்டையை வாங்கிப் பெட்டியில் வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவரை எப்பெயரால் அழைக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். வயதில் மூத்தவரை நம் பிள்ளைகள் "நீ" என்று அழைப்பதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டு, மரியாதையைப் பாடப்புத்தகத்திலிருந்து மாத்திரம் கற்பிக்க எந்த ஆசிரியராலும் இயலாது.

வீட்டார் ஒருவர் நல்லவராயிருக்கலாம். நாளை அவ்வீட்டுக்கு வேறொருவர் பொறுப்பாகலாம். ஒருவருடைய ஓய்வும் உணவும் முதுமையும் மற்றொருவருடைய நல்ல குணத்தை மாத்திரம் நம்பியிருத்தல் ஆபத்தானது. அதனாலேதான் சட்டம் வேண்டும் என்கின்றோம். நல்ல எஜமானருக்கு அச்சட்டத்தினால் யாதொரு இடையூறும் நேராது. அவர் இன்று தாமாகச் செய்வதையே நாளை சட்டம் எல்லோரையும் செய்யச் சொல்லும். கணக்கெழுதுபவருக்கும் சமையல் செய்பவருக்கும் இடையே சட்டம் வகுத்துவைத்த வேற்றுமையை நீக்கும்படி நம் பிரதிநிதிகளைக் கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. அவர்களைக் கேட்கும் முன்னர், நம் வீட்டிலே அந்த ஒற்றைத் தாளை எழுதி ஒப்பமிட்டுவைப்போமாயின், கேட்கும் குரலுக்கு வலிமை கூடும் என்று கூறி என் பேச்சை நிறைவுசெய்கின்றேன்.